திரையில் பை, தாளில் பி

போன மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரித் தேர்வுத்தாள் தயாரித்தேன். நாற்பது பிரதி எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது பேச்சு சுவாரஸ்யத்தில் அச்சான தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வகுப்பில் கொடுத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, முதல் வரிசைப் பெண் எழுந்துவிட்டாள். "சார், ரெண்டாவது கேள்வியில ‘2பி’ன்னு இருக்கே, அந்தப் பி-யோட மதிப்பு என்ன சார்?"

அது பை. 2π. வர்க்கமூலக் குறி இருந்த இடத்தில் வெறும் கட்டம்.

கடைக்காரத் தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை. நான் பயன்படுத்தியது பழைய குறியீட்டு எழுத்துரு. அதில் ஆங்கில ‘பி’ எழுத்தின் இடத்தில்தான் பையின் உருவத்தைச் செருகி வைத்திருப்பார்கள். எழுத்துரு இருக்கும் கணினியில் பை. இல்லாத கணினியில் வேஷம் கலைந்து வெறும் பி. பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதத்தை வேறு கணினியில் திறந்து, ஆங்கில எழுத்துக் குப்பையைப் பார்த்துத் திகைத்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழில் அந்தப் பழக்கத்தை விட்டொழித்தவன், கணக்கில் மட்டும் விடாமல் வைத்திருந்திருக்கிறேன்.

அந்த அவமானத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து, காசில்லாமல் கிடைக்கும் இரண்டு கணினி இயற்கணித மென்பொருள்களை உரசிப் பார்த்தேன். ஒன்று மேக்சிமா, அதன் சன்னல் முகமான டபிள்யூஎக்ஸ்மேக்சிமாவோடு. இன்னொன்று பைத்தானின் சிம்பை, ஜூபிட்டர் நோட்டுப்புத்தகத்துக்குள். விடை சரியா என்பதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பள்ளிக் கணக்குக்கு இரண்டுமே அளவுக்கு மீறிய கெட்டிக்காரர்கள். என் கேள்வி ஒன்றுதான்: விடையை எப்படிக் காட்டுகிறாய், நான் அதை எடுத்துப் போனால் அப்படியே கூட வருமா?

மேக்சிமாவை முதலில் சன்னல் இல்லாமல், கருந்திரையிலேயே ஓட்டினேன். போடாத தொகையீடு ஒன்றைக் காட்டச் சொன்னால், மேலே ஒரு சாய்கோடு, அதன் கீழ் சதுர அடைப்பு, நடுவில் ஆங்கிலப் பெரிய ‘ஐ’, திரும்ப ஓர் அடைப்பு, அடியில் இன்னொரு சாய்கோடு என்று ஐந்து வரியில் ∫ போல ஒரு உருவத்தைக் கட்டி நிறுத்துகிறது. கூட்டல்தொடருக்கு நான்கு சமக்குறிகளும் சாய்கோடுகளும் சேர்த்து ஒரு ∑. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற மாதிரி இருக்கிறது. மேக்சிமாவின் மூதாதையின் பெயர் மேக்சைமா. 1968இல் எம்ஐடியில் தொடங்கியது. தட்டச்சு இயந்திரம் போன்ற முனையங்களில் இருக்கிற எழுத்துகளை வைத்தே சமாளித்த காலம். அதன் வழிவந்த மேக்சிமாவை வில்லியம் ஷெல்ட்டர் 1982இலிருந்து தனியாளாகப் பராமரித்து, 1998இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட அனுமதி வாங்கி, 2001இல் இறக்கும்வரை விடாமல் வளர்த்தார். அந்தக் கோலத்தை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: உலகத்தின் எந்தக் கணினியிலும் இது கட்டமாகாது. எழுத்துகள் சம அகலத்தில் இருந்தால் போதும்.

டபிள்யூஎக்ஸ்மேக்சிமா வேறு உலகம். எக்ஸின் முப்படியோடு ஒன்றைக் கூட்டி, ஒன்றின் கீழ் வைத்துத் தொகையிடச் சொன்னேன். பின்னக்கோடு சரியான நீளம், √ குறியின் கூரை மூன்றின் தலைக்கு மேல் அளவாக, அடைப்புக்குறிகள் பின்னத்தின் உயரத்துக்கு நீண்டு... பார்க்கவே திருப்தி. கிரேக்க எழுத்து வேண்டுமானால் எஸ்கேப் விசையைத் தட்டி, எழுத்தின் பெயரைத் தட்டி, திரும்ப எஸ்கேப். ஆல்ஃபா வந்து நிற்கும். இதே வழியில் ∫ குறியையும் கொண்டுவரலாம். ஆனால் அது வந்துவிட்டது என்பதற்காக மேக்சிமா தொகையிட்டுவிடாது. கட்டளையை எழுத்தில்தான் தர வேண்டும். முதல் நாள் இதில் அரை மணி நேரம் தொலைத்தேன்.

இதே கணக்கைச் சிம்பையிடம் கொடுத்தபோது ஒரு சுவாரஸ்யம். மேக்சிமா மூன்றின் வர்க்கமூலத்தைப் பகுதியிலேயே விட்டுவிட்டது. சிம்பை பகுதியை விகிதப்படுத்தி, மூலக்குறியைத் தொகுதிக்கு ஏற்றிவிட்டது. நம் ஊர் விடைத்தாள் திருத்துபவருக்குப் பிடித்த வடிவம் சிம்பையுடையதுதான். மதிப்பு ஒன்று, முகம் இரண்டு.

ஜூபிட்டரில் சிம்பையின் விடையை வரைவது மேத்ஜாக்ஸ். சிம்பை லாடெக் மொழியில் விடையை எழுதிக் கொடுக்க, உலாவிக்குள் அது அச்சுப் புத்தகம் போல விரிகிறது. அழகில் டபிள்யூஎக்ஸ்மேக்சிமாவை இது தாண்டிவிடுகிறது, சந்தேகமே இல்லை. லாம்டா வேண்டும் என்றால் மட்டும் ஒரு வேடிக்கை. அந்தச் சொல் பைத்தான் மொழிக்கே சொந்தமான ஒதுக்கீட்டுச் சொல். ஆகவே சிம்பைக்காரர்கள் நடுவிலுள்ள ‘பி’ எழுத்தை விழுங்கிவிட்டு எழுதுகிறார்கள். ஏதோ எழுத்துப்பிழை என்று திருத்தப் போய் நான் வாங்கிய பிழைச்செய்தி தனிக்கதை. திரையில் என்னவோ லாம்டா ஒழுங்காகவே தெரிகிறது.

இனி என் வயிற்றைக் கலக்கிய சோதனை. சிம்பையில் பை என்ற மாறிலி இருக்கிறது. அதே பெயரில் நானாக ஒரு மாறியையும் உருவாக்கலாம். இரண்டையும் திரையில் காட்டச் சொன்னேன். இரண்டும் π. உருவத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. முதலாவதன் சைன் கேட்டால் பூச்சியம் என்கிறது. இரண்டாவதன் சைன் கேட்டால் சைன் பை என்று நாம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. ஒன்று 3.14-இல் தொடங்குகிற எண், மற்றது யாரோ ஒருவர். உள்ளே யார் இருக்கிறார் என்று காட்ட ‘எஸ்ரெப்’ என்றொரு கட்டளை உண்டு. அதைத் தட்டிய பிறகுதான் வேறுபாடு வெளியே வந்தது. மேக்சிமா இந்த இடத்தில் கறார்: மாறிலியான பைக்கு முன்னால் சதவீதக் குறி போட்டே ஆக வேண்டும். தட்டும்போது எரிச்சல்தான், ஆனால் நாம் எந்தப் பையைக் கேட்கிறோம் என்பது தட்டும்போதே தெரிந்துவிடுகிறது.

இப்படி இரட்டைப் பிறவிகள் யூனிகோடிலேயே நிறைய. கிரேக்கப் பெரிய சிக்மாவுக்கு ஓர் எண், கூட்டல்தொடர்க் குறிக்கு 2211 என்று தனி எண். விசைப்பலகையில் தட்டும் சிறுகோடு வேறு, 2212 என்ற எண்ணில் இருக்கும் உண்மையான கழித்தல் குறி வேறு. ஒரு மின்நூலிலிருந்து சமன்பாட்டை நகலெடுத்து பைத்தானில் ஒட்டினேன். செல்லாத எழுத்து என்று திருப்பி அனுப்பியது. கண்ணுக்கு அது கழித்தல்தான். கணித எழுத்துகளுக்கென்றே 2001இல் யூனிகோட் 3.1 ஒரு பெரிய தொகுதியைச் சேர்த்தது. அதில் சாய்வெழுத்து வரிசையில் சிறிய ‘எச்’ வர வேண்டிய இடம் மட்டும் காலி. ப்ளாங்க் மாறிலிக்காக அந்த எழுத்துக்கு முன்பே வேறோர் இடம் கொடுத்தாயிற்று, ஆகவே இங்கே ஓட்டை. இதை அறியாத மென்பொருளில் ஜி-க்கும் ஐ-க்கும் நடுவே ஒரு கட்டம் முளைத்தால் ஆச்சரியமில்லை.

கடைசியாக ஓர் ஆசை. பைத்தானின் மூன்றாம் பதிப்பு மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரை ஏற்கும். தீட்டாவுக்குப் பதில் ‘கோணம்’ என்று பெயர் வைத்து, அதைப் பின்னத்தின் பகுதியில் போட்டேன். கணக்கைத் தடையில்லாமல் செய்தது. காட்டும்போதுதான் வினை. எழுத்து வடிவ முனையத்தில் கண்ணுக்கு மூன்றெழுத்தாக இருக்கும் சொல்லை, ஓகாரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி ஐந்து என்று கணக்கு வைக்கிறது சிம்பை. பின்னக்கோடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். ஜூபிட்டரிலாவது தப்புமா என்று பார்த்தால், மேத்ஜாக்ஸ் ஒவ்வொரு துண்டையும் தனித்தனி மாறியாக எடுத்துப் பிரித்துவிட்டது. ‘க’ தனியே நிற்கிறது. அடுத்து ஒரு புள்ளிவட்டம், அதன் இருபுறமும் இரட்டைக்கொம்பும் காலும். ‘ண’, ‘ம’, பிறகு இன்னொரு புள்ளிவட்டத்தின் தலையில் அநாதையாக ஒரு மெய்ப்புள்ளி. கணிதத்தில் அடுத்தடுத்து நிற்கும் எழுத்துகள் பெருக்கல் என்பது அதன் நம்பிக்கை. உயிர்மெய்யை அது கேள்விப்பட்டதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. மாறியின் பெயரை லாடெக்கின் உரைக் கட்டளைக்குள், நெளி அடைப்புக்குள் பொதிந்து கொடுத்தால், சிம்பை அதைத் தொடாமல் அப்படியே அனுப்புகிறது. மேத்ஜாக்ஸும் ஒரே சொல்லாக வரைகிறது. ‘கோணம்’ முழுசாக வந்தது. ஆனால் ஒவ்வொரு மாறிக்கும் இப்படிப் பொட்டலம் கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

எடுத்துப் போகும் விஷயத்தில் இருவரும் தாராளம். டபிள்யூஎக்ஸ்மேக்சிமாவில் விடையின் மேல் வலச்சொடுக்கு செய்தால் லாடெக்காக, மேத்எம்எல்லாக, படமாக என்று கேட்டபடி நகலெடுக்கலாம். ஜூபிட்டரிலும் வலச்சொடுக்கில் லாடெக் வரியைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். வகுப்பில் பலகைக்குப் பதிலாகத் திரையில் காட்ட, நிறுவியதும் ஓடத் தொடங்கும் டபிள்யூஎக்ஸ்மேக்சிமாவே எனக்குப் போதும். தாளில் அச்சாகப் போவது எதுவானாலும் சிம்பை, அங்கிருந்து லாடெக், அங்கிருந்து எழுத்துரு உள்ளே பொதிந்த பிடிஎஃப். பைத்தான் பக்கமே போகாதவர்களுக்கு இந்தப் பாதை நீளம்தான்; அவர்கள் டபிள்யூஎக்ஸ்மேக்சிமாவிலிருந்து லாடெக்காக நகலெடுத்துக்கொள்ளலாம்.

இந்த வாரத் தாளை அப்படித்தான் கொண்டுபோனேன். முதல் பிரதி வெளியே வந்ததும் கையை நீட்டி வாங்கி, இரண்டாவது கேள்வியைப் பார்த்தேன். பை பையாகவே இருந்தது. மீதி முப்பத்தொன்பதுக்கும் சரி சொன்னேன். கோணத்துக்கு மட்டும் பழையபடி தீட்டாதான்.