கடைசி நிமிடத்துக் கோப்பை

யாழ்ப்பாணத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்று இருப்பது நெடுங்கால வழக்கம். அந்தப் பானத்துக்காக 1930களில் ஜோர்ஜ் பால் ஆக்கிய பொம்மை அசைவூட்டப் படங்களை அண்மையில் பார்க்கக் கிடைத்தது. விளம்பரம்தானே என்று ஒதுக்கிவிட முடியாத படங்கள் அவை.

ஹங்கேரியரான பால், நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் கலையகம் வைத்திருந்தவர். ஒரே பொம்மையை வளைத்து நிமிர்த்தாமல், ஒவ்வோர் அசைவுக்கும் வெவ்வேறு தலையும் காலும் மரத்தில் செதுக்கி, மாற்றி மாற்றிப் படம்பிடித்தார். இம்முறைக்காகவே பின்னர் அமெரிக்காவில், 1944இல், சிறப்பு ஒஸ்கார் விருது பெற்றார். 'ஸ்கை பைரட்ஸ்', 'லவ் ஒன் த ரேஞ்ச்' ஆகிய படங்களில் மரத்துக்கு உயிர் வந்திருப்பதை இன்றும் ரசிக்கலாம்.

குறை கதையில்தான். களைத்தவர் தோற்கிறார், ஹோர்லிக்ஸ் வருகிறது, குடித்தவர் வெல்கிறார். களைப்புக்குக் காரணம் 'இரவுப் பட்டினி' என்றார்கள். ஜே. வால்டர் தொம்ஸன் விளம்பர நிறுவனம் ஹோர்லிக்ஸுக்காக உண்டாக்கிய நோய் அது. மருந்து முதலில் இருந்தது. நோய் பிறகு வந்தது. ஆகவே இந்தக் கதைகளின் முடிவு கதைக்குள்ளிருந்து பிறப்பதில்லை. வெளியிலிருந்து கோப்பையில் வருகிறது.

இதைச் சொல்ல எனக்குள்ள உரிமை குறைவு. அளவெட்டியில் என் வகுப்பில் சீதனம் பற்றிச் சிறுகதை எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளையின் கதையில் மாப்பிள்ளை கடைசிப் பந்தியில் திடீரெனத் திருந்திவிட்டான். ஏன் திருந்தினான் என்று கேட்டேன்.

"அப்பிடி முடிச்சால்தானே சேர் புள்ளி போடுவியள்" என்றாள்.

புள்ளி போட்டுப் பழக்கியவர்கள் நாங்கள். இவ்விதழின் வாசகர் அறிந்த சீதனக் கதைகள் பலவற்றில், ஒரு ஜும்ஆப் பிரசங்கம் கேட்டதும் மாப்பிள்ளையின் தாய் மனம் மாறுகிறாள். எங்கள் பக்கத்துச் சாதியெதிர்ப்புக் கதைகளில் அந்த வேலையை ஒரு மேடைப்பேச்சு செய்துவிடுகிறது. பிரசங்கத்தில் பிழையில்லை. மனம் மாறுவதற்கு அந்தத் தாய் எதை இழக்கவேண்டியிருந்தது என்பதை எழுத்தாளர் காட்டாததே பிழை. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க இயலாத தகப்பனின் கடன்கணக்கு அப்படியே கிடக்க, வாசகர் நிம்மதியாக நித்திரைக்குப் போகிறார்.

பாலிடம் விற்பதற்கு ஒரு பொருள் இருந்தது. அதனால் அந்தக் கோப்பையை நீட்டினார். விற்க எதுவுமில்லாத நாம் ஏன் நீட்டவேண்டும்? அவர் மரம் செதுக்கிய பொறுமையில் பாதியை அந்தத் தாயின் மனத்தை எழுதுவதில் காட்டினாலே போதும்.