செஞ்சி வட்டாரப் பாடல்களும் சுரதாளக் குறியீடும்

செஞ்சியை ஆண்ட தேசிங்குராசன் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு பொருது 1714-இல் மாண்டான். அவன் வீரம் கதைப்பாடலாகிப் பின்னர் அச்சேறியது. அச்சில் நிலைபெற்றது சொல்லே, இசை அன்று. செஞ்சி வட்டத்து அனந்தபுரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் தெருக்கூத்துப் பயிலும் வடதமிழகப் பகுதியைச் சார்ந்தவை. கூத்து நூல்களோ பாட்டின் தலைப்பில் இராகத்தையும் தாளத்தையும் பெயரளவிற் குறிப்பதோடு அமைகின்றன. ஆதலின், பாடுவோர் வாய்க் கேட்டு எழுதுதலே இவ்விசையைக் காக்கும் நெறியாம். அங்ஙனம் எழுதுவோர் சுரநிலையையும் தாளத்தையும் துணியுமாறு யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இத்துறையில் நமக்கு முன்னோடிகள் இருவர். அ. மு. சின்னசாமி முதலியார் 1893-இல் நம் இசையை ஐரோப்பிய ஐங்கோட்டு முறையில் வெளியிட்டார். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் நம் சுர எழுத்துகளையே கொண்டு, கமகங்களுக்கும் தனிக்குறிகள் அமைத்தார். முன்னவர் முறை நம் மரபறியாதார்க்கும் பாட்டை எட்டச் செய்தது, அப்பெருமையை மறுத்தற்கில்லை. எனினும் அம்முறைக்கு ஓர் எல்லை உண்டு.

ஐங்கோட்டின் தொடக்கத்தில் இடப்படும் ஏற்றக் குறிகளும் இறக்கக் குறிகளும் மாறா வரிசை உடையன. சட்சத்தை வெண்கட்டை ஒன்றில் நிறுத்தினால் இறக்கக் குறிகள் நிடாதம், காந்தாரம், தைவதம், ரிடபம் என்னும் முறையிலேயே வரும். மாயாமாளவகௌளையிலோ ரிடபமும் தைவதமும் மட்டுமே இறங்கும். காந்தாரமும் நிடாதமும் இறங்கா. எனவே, அதற்குரிய தொடக்கக்குறி வழக்கிலில்லை. எண்ணிப் பார்ப்பின், 72 மேளங்களுள் தோடி, நடபைரவி, கரகரப்பிரியா, அரிகாம்போதி, சங்கராபரணம், கலியாணி ஆகிய ஆறே அவ்வரிசைக்குள் அடங்கும். குறிக்கு இசைய இராகத்தைத் திரித்தல் பிழை. இராகத்திற்கு இசையக் குறியை அமைத்தலே முறை.

இனி, சட்சம் எது எனத் துணிதல் அதனினும் அரிது. பாட்டின் முதற் சுரத்தையோ மிகத் தாழ்ந்த சுரத்தையோ சட்சமெனக் கொள்வார் உளர். அது பொருந்தாது. நாதநாமக்கிரியை, புன்னாகவராளி போன்ற நிடாதாந்திய இராகங்கள் மந்தர நிடாதத்திற்கும் மத்திய நிடாதத்திற்கும் இடையே இயங்குவன. அந்நிடாதத்தைச் சட்சமென மயங்கின், ஏனைய சுரங்கள் யாவும் இடம் பெயரும். பிறிதோர் இராகமே ஏட்டில் தோன்றும். ஆகவே, ஆர்மோனியத்தில் சுருதிக்குப் பிடிக்கும் கட்டை யாதென முதற்கண் அறிதல் வேண்டும். நூலின் தலைப்பிலுள்ள இராகப் பெயர் வழிகாட்டியே அன்றிச் சான்று ஆகாது. பாடிய சுரங்கள் அப்பெயரோடு மாறுபடின் இரண்டையும் எழுதுதல் கடன்.

தாளத்திற்கும் இஃது ஒக்கும். எடுப்பு சமத்திற்குப் பின் அமைந்த பாட்டில் முதலசையையே முதல் தட்டாகக் கொள்ளின், பாட்டு முழுதும் தாளம் பிறழும். மிசிரசாப்பின் ஏழு அட்சரங்கள் மூன்றும் நான்குமாகவும், கண்டசாப்பின் ஐந்து அட்சரங்கள் இரண்டும் மூன்றுமாகவும் பிரிவன. அப்பிரிவைக் காட்டாது எண்ணிக்கை மட்டும் தருதல் நடையை மறைத்தலாகும். விருத்தத்திற்கோ தாளமே இல்லை. அதனைச் சமகூறுகளாக அளந்து கோடிடுதல், பாடுவோன் நீட்டியும் குறுக்கியும் உணர்த்திய பொருளை அழிப்பதாம். அங்கே சீரும் அடியும் முடியுமிடங்களைக் குறித்து, நீட்டத்தை ஏறக்குறையக் காட்டுதலே சாலும்.

எழுதாத பாட்டு, பாடுவோன் உள்ளவரை வாழும். பிழைபட எழுதிய பாட்டோ, அவனுக்குப் பின்னரும் வாழ்ந்து தன்னையே மரபெனக் காட்டும். முன்னதனினும் பின்னதே பெருங்கேடு. ஆதலின், சுருதி, சுரம், தாளம் என்னும் முறையில் ஒவ்வொன்றையும் கேட்டுத் துணிந்து, ஐயுற்ற இடத்தை ஐயமெனவே குறித்தல் இப்பணியில் இறங்கும் ஆய்வாளர் கடமையாகும்.