விடுபட்ட ஒரு சொல்: மின்சுற்றுக் கணக்குகள் பற்றிய நோக்கு

பௌதிகவியலைக் கற்கத் தொடங்கும் மாணாக்கர் பலர் மின்சுற்றுக் கணக்குகளைச் செய்வதில் இடர்ப்படுகின்றனர். கணிதத் திறன் குறைவே இதற்குக் காரணமெனக் கூறப்படுவதுண்டு. இக்கூற்று ஏற்புடையதன்று. தொடக்கநிலைக் கணக்குகள் வேண்டுவன கூட்டல், கழித்தல், பின்னம், எளிய சமன்பாடு என்பனவே. இவற்றில் தேர்ச்சி பெற்றவர்களும் இடர்ப்படுவதால் குறை வேறிடத்தில் உள்ளது எனல் வேண்டும்.

அக்குறையின் ஒரு பகுதி மொழியைச் சார்ந்தது. வீட்டு வழக்கில் 'கரண்ட்' என்னும் ஒரு சொல்லே ஓட்டத்தையும் சத்தியையும் வலுவையும் குறிக்கின்றது. 'கரண்ட் போய்விட்டது', 'கரண்ட் கூடச் செலவாகிறது' என்பன நாளாந்தப் பேச்சு. இவ்வழக்கோடு வகுப்பினுள் நுழையும் மாணாக்கன், மின்குமிழ் ஓட்டத்தை உண்டு தீர்க்கின்றது எனக் கருதுவது இயல்பே. உண்மையில் குமிழினுட் புகும் ஓட்டம் சிறிதும் குறையாது வெளியேறுகின்றது, செலவாவது சத்தியே.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களின் கலைச்சொற்கள் இவ்விடத்துக் கவனத்திற்குரியன. தமிழ்நாட்டு நூல்கள் வாயுவின் 'அழுத்தம்' என வழங்குமிடத்து, இலங்கை நூல்கள் 'அமுக்கம்' எனக் கூறி, 'அழுத்தம்' என்னும் சொல்லை மின்னியலுக்கு ஒதுக்கின. பயனுள்ள பாகுபாடே இது. எனினும் ஓமின் விதியிற் பயிலும் முழுத்தொடர் 'அழுத்த வித்தியாசம்' என்பதாகும். கணக்குச் செய்யும் வேகத்தில் 'வித்தியாசம்' உதிர்ந்து, 'இத்தடையின் அழுத்தம்' என்ற குறைத்தொடர் எஞ்சுகின்றது. அதனோடு, அழுத்த வித்தியாசம் இரு புள்ளிகளுக்கிடையே உள்ளதொரு தொடர்பு என்னும் கருத்தும் உதிர்ந்துவிடுகின்றது. அது ஒரு பொருளுக்குள் இருக்கும் பண்புபோல் எண்ணப்படுகின்றது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். அகத்தடை புறக்கணிக்கத்தக்க 12 வோல்ற்று மின்கலவடுக்கு ஒன்றோடு, 4 ஓம் தடையி 'அ' தொடராகவும், அதனையடுத்து 4 ஓம் தடையிகள் 'ஆ', 'இ' என்பன தம்முட் சமாந்தரமாகவும் இணைக்கப்பட்டுள்ளன. மொத்தத் தடை 6 ஓம். 'அ'வினூடு 2 அம்பியரும், ஏனைய இரண்டினூடும் 1 அம்பியர் வீதமும் பாய்கின்றன. இனி 'இ' அகற்றப்படின் யாது நிகழும்?

'இ'யின் ஓட்டம் 'ஆ'வை அடைந்து அதனை 2 அம்பியராக்கும். 'அ' முன்னே இருப்பதால் மாறாது என்பது பலரின் விடை. உண்மையில் மொத்தத் தடை 8 ஓமாக உயர்ந்து, இரண்டினூடும் 1.5 அம்பியரே பாய்கின்றது. 'அ'வின் முனைகளுக்கிடையேயான வித்தியாசம் 8 வோல்ற்றிலிருந்து 6 ஆகக் குறைய, 'ஆ'வின் வித்தியாசம் 4 இலிருந்து 6 ஆக உயர்கின்றது. 'ஆ'வின் ஓட்டம் கூடும் என்ற அளவில் மாணாக்கன் கூறியது சரியே, காரணம் பிழை. 'கூடுமா, குறையுமா' என்று மட்டும் வினவும் பரீட்சை இப்பிழையைக் கண்டுகொள்ளாது. சுற்றின் ஓரிடத்து மாற்றம் முழுச்சுற்றையும் தாக்கும் என்பதே இங்கு அறியப்படாதது.

இது ஒரு நாட்டுக்கோ ஒரு மொழிக்கோ மட்டும் உரிய குறையன்று. 1983 இல் இஸ்ரேலைச் சேர்ந்த கோஹென், எய்லோன், கனியேல் என்போர் வெளியிட்ட ஆய்வு, மாணாக்கர் ஓட்டத்தையே முதன்மையாகக் கொண்டு, அழுத்த வித்தியாசத்தை அதன் காரணமாக அன்றி விளைவாகக் கருதுவதைக் காட்டிற்று. மின்கலவடுக்கு எச்சுற்றிலும் மாறாத ஓட்டத்தையே வழங்கும் என்ற எண்ணமும் அவர்களிடையே காணப்பட்டது. 1992 இல் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தின் மக்டெர்மொற், ஷாஃபர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, தனிக்குமிழ், தொடரிலுள்ள இரு குமிழ்கள், சமாந்தரத்திலுள்ள இரு குமிழ்கள் ஆகியவற்றின் ஒளிர்வை வரிசைப்படுத்துமாறு கேட்டது. சரியாக விடையளித்தோர் ஏறத்தாழ 15 சதவீதத்தினரே. அவ்வினாவில் எவ்வித எண்கணிப்பும் இல்லை.

எனவே, சூத்திரங்களை மனனஞ் செய்வித்துக் கணக்குகளின் தொகையைப் பெருக்கும் பயிற்சிமுறை நோயறியாது மருந்தளிப்பதையே ஒக்கும். கேர்ச்சோவின் விதிகளும் இம்முறையில் வெறுஞ் சடங்காகிவிடுகின்றன. 1845 இல் கோனிக்ஸ்பேர்க்கில் மாணவராயிருந்த காலத்திலேயே அவர் வகுத்த அவ்விதிகளுள் ஒன்று, மூடிய தடமொன்றைச் சுற்றிவருகையில் அழுத்த ஏற்றங்களும் இறக்கங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பது. சுற்றை முழுமையாக நோக்குக என்பதே அதன் உட்பொருள். அதனை உணராதவன், விடை மறைப் பெறுமானமாக வரக்கண்டதும் பிழையென அழித்துவிடுகின்றான். ஓட்டம் தான் எடுத்துக்கொண்ட திசைக்கு எதிராகப் பாய்கின்றது என்பதையே அக்குறி தெரிவிக்கின்றது என அவன் அறியான்.

பயிற்சி வேண்டாததன்று, அதன் வரிசையே மாறவேண்டும். எண்களை இடுமுன், எப்புள்ளிகள் ஒரே அழுத்தத்தில் உள்ளன, ஒன்றை அகற்றின் எவையெவை மாறும் என்பவற்றை மாணாக்கன் முழுவாக்கியங்களில் எழுதிப் பழகுதல் நன்று. 'எவ்விரு புள்ளிகளுக்கிடையே?' என ஆசிரியர் ஒவ்வொரு முறையும் வினவுதலும் வேண்டும். தமிழிற் பௌதிகவியலைக் கற்பிப்போர்க்கு முழுத்தொடர் ஆயத்தமாகவே உள்ளது. உதிர்ந்த சொல்லை உரிய இடத்தில் மீண்டும் அமர்த்துவதே அவர்தம் முதற்பணியாகும்.