மன்றத்தில் மகளிர்: ஒரு மதிப்பீடு

சட்டம் இயற்றும் அவையில் பெண்கள் அமர்வதால் நாட்டின் கொள்கை மாறுமா? மாறும் என்பர் ஒருசாரார். கட்சிக் கட்டுப்பாட்டிற்கு ஆணும் பெண்ணும் ஒருங்கே அடங்கவேண்டி இருத்தலின் மாறாது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளையும் சிங்கப்பூர் வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு ஆராய்தல் தகும்.

1959ஆம் ஆண்டுத் தேர்தலில் சட்டமன்றத்தின் 51 இடங்களுள் ஐந்தில் பெண்கள் வென்றனர். சான் சோய் சியோங் அம்மையார் அவர்களுள் ஒருவர். 1961 மே 24ஆம் நாள் மாதர் சாசனம் நிறைவேறிற்று. முஸ்லிம்கள் நீங்கலாக ஏனையோர்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமாயிற்று. மணமான பெண் தன் பெயரிலேயே தொழில் நடத்தும் உரிமையும் உறுதிபெற்றது. எனினும், இதனை அவ்வைவரின் வெற்றியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. 1952இல் தோன்றிய சிங்கப்பூர் மாதர் மன்றமும் அதன் முன்னோடியான ஷிரின் பொஸ்தார் அம்மையாரும் இக்கோரிக்கையை முன்னரே வலியுறுத்தி வந்தனர். மக்கள் செயல் கட்சியும் 1959 தேர்தலில் இதற்கு வாக்குறுதி அளித்திருந்தது. வெளியே இயக்கமும், கட்சியின் உறுதிமொழியும், அவையினுள் பெண்குரலும் ஒன்றுகூடியதன் பயனே அச்சட்டம் எனலாம்.

இனி, மறுபக்கத்தை நோக்குவோம். 1970இல் சான் அம்மையார் விலகிய பின்னர், 1984 வரை நாடாளுமன்றத்தில் பெண் உறுப்பினர் ஒருவரும் இலர். அவ்விடைக்காலத்தில், 1979இல், மருத்துவப் படிப்பில் மாணவியர்க்கு மூன்றில் ஒரு பங்கு என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. குடும்பப் பொறுப்பினால் பெண் மருத்துவர்கள் பணியை விட்டு விலகுவர் என்பது கூறப்பட்ட காரணம். மன்றத்தில் பெண்கள் இல்லாமையே இவ்விதியைத் தோற்றுவித்தது எனல் மிகையாகும். ஆயினும், அதனால் பாதிக்கப்பட்ட பாலாருள் ஒருவர்கூட அங்கு எழுந்து வினவ இயலவில்லை என்பது மறுக்கவொண்ணாதது. 1984இல் மூன்று பெண்கள் மன்றம் புகுந்தனர். வரம்போ 2003இல்தான் நீங்கியது. ஆகவே, இருக்கை மட்டும் போதாது என்பதும் தெளிவு.

போதுமானது யாது? 1995இல் நியமன உறுப்பினரான டாக்டர் கன்வல்ஜித் சொய்ன் குடும்ப வன்முறைத் தடுப்பு மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அது தோற்றது. ஆனால், மறு ஆண்டே மாதர் சாசனம் திருத்தப்பட்டபோது, குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு அதில் வலுப்பெற்றது. கட்சி வலிமை சிறிதும் இல்லாத ஒருவர் எழுப்பிய பொருளை அவை புறந்தள்ள முடியவில்லை.

நமது சுவா சூ காங் குழுத்தொகுதியில் 2011 முதல் 2025 வரை நடந்த நான்கு பொதுத்தேர்தல்களிலும் வென்ற அணியில் ஒரு பெண் இடம்பெற்றார். பெண்கள் மன்றம் புகுதல் இன்று வியப்புக்குரியதன்று. எனவே, தலைகளை எண்ணி மகிழ்வதோடு நம் மாணவர் அமைதல் கூடாது. நாடாளுமன்ற அறிக்கைகளைப் படித்து, எவர் எதனை வினவினார், எவ்விதி மாறிற்று என ஆராயும் பழக்கத்தை அவர்க்கு ஊட்டுவது ஆசிரியர் கடன்.