வென்றவர் எழுதிய தோல்விக் கதை

சென்ற தவக்காலத்தில் ஏரியூர்ப் பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். மானாவாரி நிலத்தில் கேழ்வரகு விதைக்கும் குடும்பம். அக்குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் அவர். வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு, நான்காம் ஆண்டு. "சாமி, விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார். அறிவுரை கூறத் துணியாத நாம், நம்மிடமிருந்த நூல் ஒன்றைக் கொடுத்தனுப்பினோம்.

வேங்கடராமன் இராமகிருஷ்ணன் எழுதி 2018இல் வெளிவந்த 'ஜீன் மெஷின்' என்னும் ஆங்கில நூல் அது. உயிரணுவுக்குள் புரதங்களைக் கட்டும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து, 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்டவர் இவர், சிதம்பரத்தில் பிறந்தவர்.

நூலின் சிறந்த பகுதி பரிசைப் பற்றியதன்று. தொடக்கத்தில் வரும் சலிப்பைப் பற்றியது. 1976இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெறும்போதே அத்துறையில் அவருக்கு ஆர்வம் வற்றிவிட்டது. சிறு சிறு கணக்குகளிலேயே வாழ்நாள் கழிந்துவிடுமோ என்று அஞ்சினார். பெற்ற பட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கலிபோர்னியாவில் உயிரியல் மாணவராக மீண்டும் பெஞ்சில் அமர்ந்தார். பின்னர் ஏறத்தாழ ஐம்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி கிட்டவில்லை. அறிவியலாளரிடையே நிலவும் போட்டியையும் பரிசு ஆசையையும் அவர் மறைக்கவில்லை. அவ்வாசை தம்மையும் பற்றியதை ஒப்புக்கொள்கின்றார். இந்நேர்மை பாராட்டுக்குரியது.

நூலைத் திருப்பித் தந்த இளைஞரோ, "அவர் விட்டுவிட்டுப் போக இன்னோர் இடம் இருந்தது சாமி" என்றார். இதனினும் கூரிய திறனாய்வை நாம் எழுதிவிட இயலாது. இராமகிருஷ்ணனின் தாய், தந்தை இருவருமே அறிவியலாளர்கள்; ஆய்வுக்கூடம் அவருக்கு அயல்வீடன்று. உதவித்தொகைக்காகக் காத்திருந்து, நெறியாளரின் முகம் பார்த்து, ஊருக்கு வரும்போதெல்லாம் "எப்போது வேலை?" என்ற கேள்விக்கு விடை தேடும் பிள்ளைக்குத் துறை மாறுவது எளிதா? மேலும், இறுதியில் ஸ்டாக்ஹோம் காத்திருப்பதை அறிந்தே நாம் படிக்கின்றோம். ஆகவே ஒவ்வொரு தோல்வியும் படிக்கட்டாகத் தெரிகின்றது. படிக்கட்டாகாத தோல்விகளை எவரும் நூலாக்குவதில்லை.

எனினும் நூலை நாம் தள்ளிவிடவில்லை. 1976இல் அம்முடிவை எடுத்தபோது 2009ஐ அவர் அறியார். இடையில் முப்பத்து மூன்று ஆண்டுகள். பரிசை மறந்துவிட்டு அந்த ஒரு முடிவை மட்டும் படித்தால், நூல் உண்மையிலேயே பயன் தரும். இது நம் இல்லை என்று அறிந்தபின் எழுந்து செல்வது கோழைத்தனமன்று.

இதை எழுதும்போது நமக்கே சுடுகின்றது. நம்மோடு குருமடத்தில் பயின்ற சிலர் இடையில் விலகினர். ஊர் அவர்களை 'ஓடிவந்தவர்' என்றது. நாமும் மறுத்துப் பேசவில்லை. அழைத்தலைத் தேர்ந்து தெளிதல் பற்றி வகுப்பில் பக்கம் பக்கமாகப் படித்தும், தெளிந்து விலகியவரை மதிக்க நாம் கற்கவில்லை. பட்டம் பெற்றவருக்கு ஆலயத்தில் பொன்னாடை போர்த்தும் நாம், பாதியில் திரும்பியவருக்கு ஒரு நாற்காலியேனும் இட்டதுண்டா?

இளைஞர் இன்னும் முடிவெடுக்கவில்லை. எம்முடிவாயினும், அவருடைய தந்தையிடம் நாம் பேசுவதாக ஒப்புக்கொண்டுள்ளோம்.