விண்கப்பலும் வாவித் தோணியும்

சித்தாண்டியில் என் மாணவன் ஒருவன் அண்மையில் கேட்டான்: "சேர், ஆகாயவெளியில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. பொறியை நிறுத்தினாலும் கப்பல் போய்க்கொண்டுதானே இருக்கவேண்டும்? விளையாட்டில் மட்டும் ஏன் வாவித் தோணி மாதிரி நின்றுவிடுகிறது?"

விஞ்ஞான ஆசிரியரிடம் போகவேண்டிய கேள்வி தமிழாசிரியனிடம் வந்தது. ஆயினும் இது இலக்கியக் கேள்வியே என்பது என் துணிபு. கற்பனையுலகைப் படைப்பவன் அதன் எல்லைகளுக்கு எவ்வாறு காரணம் கற்பிக்கிறான் என்பதே இங்குப் பிரச்சினை.

அவன் குறிப்பிட்டது, ஐஸ்லாந்தில் உருவாகி 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'ஈவ் ஒன்லைன்' என்னும் கணினி விளையாட்டு. எதிர்விசை இல்லாதவிடத்து இயங்கும் பொருள் இயங்கிக்கொண்டேயிருக்கும் என்று நியூற்றன் 1687இலேயே நிறுவினார். இவ்விளையாட்டிலோ ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் உச்சவேகம் உண்டு. பொறி ஓய்ந்தால் கப்பலும் ஓயும். கதைக்குள் இதற்குக் கூறப்படும் சமாதானம், விண்மீன் மண்டலத்துக்குள் நெடுந்தூரம் பாய உதவும் பொறியே சுற்றுவெளியில் ஓர் இழுவையை உண்டாக்குகிறது என்பதாகும்.

உண்மைக் காரணம் வேறு. ஆயிரக்கணக்கானோர் ஒரே வெளியில் மோதும்போது, ஒவ்வொரு கப்பலும் நிற்கும் இடத்தை மத்திய கணினி செக்கனுக்கு ஒருமுறை கணித்தாக வேண்டும். கட்டற்ற வேகம் அக்கணக்கைக் குலைத்துவிடும்; போரையும் குலைத்துவிடும். 1993இல் வந்த 'எலீற்' விளையாட்டின் இரண்டாம் பாகம் நியூற்றன் விதியை நேர்மையாகக் கைக்கொண்டது. விளைவு, எதிரிகள் ஒருவரையொருவர் கடந்து பாய்ந்து, திரும்பிவர இயலாது திண்டாடினர். 2014இல் வந்த நான்காம் பாகம் வேக எல்லைக்கே மீண்டது.

எல்லை இருப்பது குற்றமன்று. எல்லையற்ற கலை ஏது? சொல்லப்படும் காரணம் கதையில் வினைபுரிகிறதா, அன்றிக் கேள்வி கேட்பவனின் வாயை அடைக்கமட்டும் பயன்படுகிறதா என்பதே நமது உரைகல்.

1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் கொழும்பில் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கை எடுத்துக்கொள்வோம். செக்கனுக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் என்ற ஒளியின் வேகத்தை மீற அவர் தமது 'தொலைதூரப் பூமியின் பாடல்கள்' (1986) நாவலில் மறுத்துவிட்டார். அதில் வரும் மகெல்லன் கப்பல் அவ்வேகத்தின் ஐந்திலொரு பங்கிலேயே செல்கிறது. அந்த வேகத்தில் விண்துகளும் குண்டாகத் தாக்கும். ஆதலின் கப்பலுக்கு முன்னே பனிக்கட்டிக் கேடயம் வேண்டும். தேய்ந்த கேடயத்தைப் புதுப்பிக்கக் கடல்சூழ்ந்த தலாசாவில் கப்பல் தங்குகிறது. தங்கியதால் லோரனும் மிரிஸ்ஸாவும் காதலிக்கின்றனர். அவன் போய்ச்சேர நூற்றாண்டுகள் ஆகும். அவன் உறக்கம் கலையுமுன் அவள் முதுமையெய்தி மறைந்திருப்பாள். பௌதிக விதியொன்று மனிதத் துயரமாகக் கனிகிறது. எல்லையிலிருந்தே கதை பிறக்கிறது.

ஈவின் இழுவையிலிருந்து எதுவும் பிறக்கவில்லை. அப்பொறியைக் கழற்றிவிட்டால் கப்பல் விடுதலையாகி ஓடுமா என்ற கேள்விக்கு அங்கு இடமே இல்லை.

ஆயினும் அதே விளையாட்டின் நேர்மையையும் சொல்லியாக வேண்டும். பெரும்போர்களில் கணினி திணறும்போது விளையாட்டின் காலத்தையே பத்திலொரு பங்குவரை மந்தப்படுத்தும் ஏற்பாடு 2012 முதல் நடைமுறையிலுண்டு. கணினியின் சுமையே அதற்குக் காரணம் என்று படைத்தோர் ஒளிக்காமல் சொன்னார்கள். 2014 ஜனவரியில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட போர் அவ்வாறே நகர்ந்தது. உண்மை சொன்னதால் அதன் சுவை குன்றவில்லை. விளையாடியோர் அதை இன்றும் வியந்து பேசுகின்றனர்.

இதிலென்ன சமூகப் பயன் என நண்பர்கள் கேட்கலாம். வெள்ளாமை முடிந்து, களத்தில் நெல் அளந்து, போடியாரின் பங்கு போனபின் முல்லைக்காரனுக்கு எஞ்சியது சிறு குவியல். ஏன் இவ்வளவுதான் என்று அவன் கேட்டபோதெல்லாம் கிடைத்த விடை 'தலையெழுத்து' என்பது. அதுவும் கதைக்குள் சொல்லப்பட்ட சமாதானமே. பங்கை வகுத்தவன் மனிதன், பழி விதியின்மேல்.

விளையாட்டில் மறைக்கப்படுவது ஒரு கணினியின் இயலாமை. களத்தில் மறைக்கப்பட்டது ஒரு குடும்பத்தின் பசி. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் துளைக்கும் கேள்வி ஒன்றே: இந்த எல்லையை இயற்கை இட்டதா, மனிதர் இட்டனரா?

தோணி நிற்பதற்குத் தண்ணீர் காரணம். கப்பல் நிற்பதற்கு அதைச் செய்தவர் காரணம். என் மாணவன் இவ்விரண்டையும் பிரித்தறிந்து கேட்டான். அந்தக் கேள்வியை அவன் கணினித் திரையோடு விட்டுவிடாமல் வயலுக்கும் எடுத்துச்செல்வானாயின், அதனினும் மேலான இலக்கியப் பாடம் வேறில்லை.