பிறப்பா, வளர்ப்பா?

நல்லவன் நல்லவனாகவே பிறக்கின்றானா? அல்லது வளர்ப்பினால் நல்லவன் ஆகின்றானா? இவ்வினாவுக்கு நம் கதைகளும் திரைப்படங்களும் இரண்டு விடைகளையே மாற்றி மாற்றிச் சொல்லி வந்துள்ளன.

ஒன்று பழைய விடை. குடிசையில் வளர்ந்த பிள்ளை ஒருவன். நற்குணங்கள் யாவும் நிரம்பியவன். கதை முடியும் தறுவாயில், மச்சத்தையோ சங்கிலியையோ கொண்டு, அவன் ஜமீன்தாரின் காணாமற்போன மகன் என்பது தெரியவரும். அவன் நல்லவனாக இருந்ததற்குக் காரணம் குருதிதான் என்று கதை சொல்லாமற் சொல்லிவிடுகிறது. மற்றது புதிய விடை. கொலைகாரனுக்குக் குடிகாரத் தந்தையையும் பசித்த இளமையையும் காட்டிவிட்டுக் குற்றம் முழுவதையும் சூழ்நிலையின்மேல் ஏற்றிவிடுவது.

முன்னதை நம்பினால் ஏழையின் பிள்ளைக்கு நற்குணம் இரவற் பொருளாகிறது. பின்னதை நம்பினால் அதே வறுமையில் வளர்ந்தும் நேர்மையாக வாழ்வோர் கணக்கில் வாராமற் போகின்றனர். ஆகவே இது கதை எழுதுவோருக்கு மட்டும் உரிய ஆராய்ச்சி அன்று. நம் பிள்ளைகளை நாம் எதைக் கொண்டு மதிப்பிடுகிறோம் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

பிறப்பு, வளர்ப்பு ஆகிய இரண்டையும் சமமாக நிறுத்திப் பார்க்க விரும்புவோர் கம்பனின் இலங்கைக்குச் செல்லவேண்டும். இராவணன், கும்பகருணன், வீடணன் மூவரும் ஒரு தாய் வயிற்றினர். ஒரே அரக்கர் குடியில் வளர்ந்தவர். பிறப்பே குணத்தை ஆக்குமாயின் மூவரும் ஒருவரைப்போல் ஒருவர் இருக்கவேண்டும். வளர்ப்பே ஆக்குமாயினும் அவ்வாறே. ஆனால் கம்பன் காட்டுவதோ மூன்று வேறு மனிதர்களை!

நிலத்தின் இயல்பால் நீரின் தன்மை மாறுவது போல, சேரும் இனத்தின் இயல்பால் மாந்தர் அறிவு மாறும் என்பது 452-ஆம் குறளின் கருத்து. வளர்ப்பின் வலிமையை இதனினும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. கும்பகருணனிடத்தில் அவ்வலிமையைக் காண்கிறோம். தன் பக்கம் வந்துவிடுமாறு போர்க்களத்தில் வீடணன் அழைக்கும்போது, தன்னை நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பிய அண்ணனுக்கு உயிரைக் கொடாமல் வரமாட்டேன் என்று அவன் மறுத்துவிடுகிறான். ஆயின் அந்த வளர்ப்பு அவன் கண்ணைக் குருடாக்கவில்லை. மானத்தைப் பேசிக்கொண்டு காமத்தைப் பேணுகிறோம் என்று அரசவையிலேயே அண்ணனை இடித்துரைத்தவன் அவன். வீடணன் சென்ற வழியையும் அவன் பழிக்கவில்லை. ஒரே வளர்ப்பை ஒரு தம்பி கடனாகக் கொண்டான். மற்றவன் அறத்தின்பொருட்டு அதனைத் துறந்தான். இருவரும் தெரிந்தே செய்தனர்.

இராவணனோ கல்வியிலும் இசையிலும் வீரத்திலும் குறைந்தவன் அல்லன். அவனைக் கொடியோன் ஆக்குவது அரக்கப் பிறப்பாயின் அவன்மேல் நமக்குச் சினம் எழ நியாயம் இல்லை. புலி கொல்வதைக் கண்டு புலியைத் தீயது என்று யார் சொல்வார்? மாரீசன் தடுத்தான், வீடணன் தடுத்தான், கும்பகருணன் தடுத்தான், முடிவில் மகன் இந்திரசித்தே சீதைமேல் வைத்த ஆசையை விட்டுவிடும்படி வேண்டினான். முதல் நாட் போரில் படைக்கலம் இழந்து நின்றவனை இன்று சென்று நாளை வா என்று இராமன் அனுப்பிய இரவிலும் திரும்பும் வழி திறந்தே இருந்தது. அத்தனை கதவுகளையும் அவனே அடைத்தான். அதனால்தான் அவன் வீழ்ச்சி நம்மை உலுக்குகிறது.

பாரதத்துக் கன்னன் கதையோ இன்னும் கடினமானது. அவன் பிறப்பு கதிரவனால் வந்தது. வளர்ப்பு தேரோட்டி வீட்டில். குலம் என்ன என்று சபையில் கேட்டு அவனைத் தலைகுனிய வைத்தனர். அந்நேரத்தில் அங்க நாட்டை அளித்து அவனை அரசனாக்கியவன் துரியோதனன். பின்னர்த் தன் பிறப்பின் உண்மை தெரிந்தபோதும் கன்னன் நண்பனைக் கைவிடவில்லை. இதற்காக அவனைப் போற்றாத தமிழர் இலர். ஆனால் சூதாட்ட மண்டபத்தை நாம் மறந்துவிடுகிறோம். பாஞ்சாலிக்கு இழைக்கப்படும் கொடுமையை எதிர்த்து அங்கே ஒருவன் எழுந்து பேசினான். அவன் பெயர் விகர்ணன். துரியோதனனின் உடன்பிறந்த தம்பி. அவனை அதட்டி அடக்கியவன் கன்னன். பாரதியின் பாஞ்சாலி சபதத்திலும் இக்காட்சி உண்டு. பட்ட அவமானம் கன்னனின் நன்றியை நமக்கு விளக்குகிறது. அவமானத்தின் சுவை அறிந்தவனே ஒரு பெண்ணின் அவமானத்துக்குத் துணைநின்றதை அது விளக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. நூற்றுவருள் ஒருவனாகப் பிறந்து அவர்களோடு வளர்ந்த விகர்ணனால் எழுந்து நிற்க முடிந்தது அன்றோ!

இவற்றால் நாம் அறிவது யாது? பிறப்பும் வளர்ப்பும் ஒருவனை ஒரு நாற்சந்தி வரை கொண்டுவந்து விடுகின்றன. சிலரை மிகக் கொடிய நாற்சந்தியில் விடுகின்றன என்பதும் உண்மையே. அங்கிருந்து எடுத்து வைக்கும் அடி அவனுடையது. பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்று 505-ஆம் குறள் கூறுவதன் பொருள் இதுதான். 1946-இல் புலவர் குழந்தை இயற்றிய இராவண காவியத்தில் இலங்கை வேந்தனே காப்பியத் தலைவன். அங்கும் அவனைத் தலைவன் ஆக்குவதற்குப் பெயர் மட்டும் போதவில்லை; அவன் செயல்களையும் அவற்றின் நோக்கத்தையும் புலவர் வேறாகச் சொல்ல வேண்டியிருந்தது.

கதை எழுதப் புகும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். உங்கள் தீயோனுக்கு ஒரு துயரமான இளமையைக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அதே வீட்டில் வளர்ந்த ஒரு தம்பியையும் அவனருகில் நிறுத்திப் பாருங்கள். அப்போதுதான் அவன் செய்தது அவன் செய்ததாகும். உங்கள் நல்லவனுக்கோ, கடைசி அத்தியாயத்தில் ஜமீன்தார் தந்தையைத் தேடித் தரவேண்டாம். குடிசையில் வளர்த்த தாயே அவனுக்குப் போதும்.